இழுக்குற இடம்

முதல்லயே சொல்லிடறேன், எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவளுக்குக் கோபம் வரலேன்னாத்தான் ஆபத்து. பன்னிரண்டு வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்து, எனக்குன்னு வச்சிருக்கிற தனி பிரேக்கை மிதிச்சு மிதிச்சு ஒரு கால் மட்டும் இன்னொரு காலைவிடப் பருத்துப் போச்சு. கத்திக் கத்தி என் குரல் தெருமுனை வரைக்கும் போகும். நான் சமையலறையில நின்னு உப்பு எங்கேன்னு கேட்டா, பக்கத்து வீட்டம்மா அவங்க உப்பு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க.

இப்படிப்பட்டவளுக்கு சங்கீதத்துல ஆசை வந்ததை என்னன்னு சொல்றது. பாடற ஆசை இல்ல, அதுக்கு வீட்டுல ஓட்டு கிடைக்காது. கம்ப்யூட்டர்ல மெட்டு போடற ஆசை. மூணு வருஷமா வேலை முடிஞ்சு வந்ததும் மவுஸைப் பிடிச்சுக்கிட்டு, கட்டம் கட்டமா ஒவ்வொரு சுரமா வச்சுக்கிட்டிருந்தேன். எட்டு விநாடி மெட்டுக்கு ஒரு சாயங்காலம் முழுசாப் போயிடும். மணிக்கட்டு வேற வலி எடுத்துடும்.

கட்டி முடிச்சதைப் போட்டுக் காட்ட ரெண்டே பேரு. ஒருத்தர் என் வீட்டுக்காரர், ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதைக் கேட்டாலும் "ஓடுது, நல்லாத்தான் ஓடுது"ன்னு சொல்லுவாரு. அது பாட்டுக்குச் சொல்ற வார்த்தையா? இன்னொருத்தர் எங்க அப்பா. அச்சாபீஸ்ல முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தினவர், இப்ப எங்ககூட இருக்காரு. அவர் நாற்காலியில நிமிர்ந்து உக்காருவாரு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்குவாரு, தொடையில தாளம் போடுவாரு. மெட்டு முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் பேச மாட்டாரு. அப்புறம் சொல்லுவாரு, "நல்லா இருக்கு பாப்பா. நடுவுல ஒரு இடம் மட்டும் கொஞ்சம் இழுக்குது."

எனக்கு வயசு நாப்பத்திரண்டு, இன்னும் பாப்பாதான். அது கிடக்கட்டும். நான் ஓடிப்போய் அந்த இழுக்குற இடத்தைத் தேடுவேன். தேடினா ஏதாவது ஒண்ணு இழுக்கத்தான் செய்யும். அதைச் சரி பண்ணி மறுபடி போட்டுக் காட்டுவேன். இப்படி ஒவ்வொரு மெட்டையும் நாலு தடவை, அஞ்சு தடவை மாத்தியிருக்கேன். இந்த வீட்ல உண்மையான காது ஒண்ணு இருக்கேன்னு எனக்கு அவ்வளவு பெருமை.

இந்த நிலைமையிலதான் எங்க கார் ரிவர்ஸ்ல போச்சு. நான் வேலை பாக்கிற டிரைவிங் ஸ்கூல் காரை ஒருநாள் வீட்டுச் சந்துல பின்னாடி எடுத்தேன். எங்க கார் ஆறுக்கும் ரிவர்ஸ் போட்டா ஒரே பாட்டு, வயித்துவலிக்காரன் முனகற மாதிரி. அப்பா பின்னாடி நின்னு பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காரு. முனகுது, முனகுது, மனுஷன் நகரவே இல்ல. இறங்கிப் போய்க் கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழட்டிக்கிட்டு, "இந்தப் பாட்டுக்கெல்லாம் நகர்ந்தா எனக்கு மரியாதையா?"ன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்படியே போய் எங்க முதலாளிகிட்டச் சொல்லி, பாட்டு அவ்வளவு மோசம், நான் ஒண்ணு போட்டுத் தரட்டுமான்னு கேட்டேன்.

அவர் யோசிச்சாரு. வர்ற ஒண்ணாம் தேதி ஆறு காருக்கும் புது ஸ்பீக்கர் மாட்டறதா இருக்காராம். அதுக்குள்ள கொண்டுவந்தா கேக்கலாம், இல்லேன்னா ஸ்பீக்கர்கூட வர்றதையே போட்டுடுவேன்னாரு. அப்புறம் பத்து வருஷத்துக்கு அதுதான். ஒரே நிபந்தனை, சத்தம் கேட்டதும் பின்னாடி நிக்கிறவங்க நகரணும். எனக்கு அன்னைக்குக் கால் தரையில பாவல. வீட்டு வாசலைத் தாண்டி என் மெட்டை ஒருத்தர் கேக்கறதுக்கு மூணு வருஷத்துல இதுதான் முதல் வாய்ப்பு. அது கைவிட்டுப் போனா நான் கம்ப்யூட்டரை மூடி வச்சிடணும்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன்.

இருக்கிறது நாலு வாரம். மவுஸை நம்பினா ஆகாது. விரலால வாசிச்சா அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள போற மாதிரி ஒரு கீபோர்டு இருக்கு, அதுக்குப் பேரு மிடி கீபோர்டு. வாங்க வேண்டியதை ஒரு தாள்ல எழுதி அப்பாகிட்டக் கொடுத்தேன். எதையும் எழுதிக் கொடுன்னுதான் அவர் கேப்பாரு, எழுத்துல பாத்தாத்தான் பிழை தெரியுமாம். தாள் சிவப்பு மையோட திரும்பி வந்தது. 'மிடி'யைச் சுத்தி ஒரு வட்டம், ஓரத்துல குறிப்பு: 'மிடி என்றால் வறுமை. வறுமையை யாராவது கடைக்குப் போய் வாங்குவார்களா? சொல்லைச் சரிபார்க்கவும்.' வீட்டுக்காரர் அந்தத் தாளை எட்டிப் பாத்துட்டு, பாவம், ரொம்ப நாசூக்காக் கேட்டாரு, மிடி போட்டுக்கிட்டு கிளச் மிதிக்கிறது கஷ்டமா இருக்காதா, பேண்ட்டே வசதி இல்லையான்னு. அவர் பாவாடைன்னு நினைச்சிட்டாரு. ஒருத்தர் என்னை ஏழையாக்கப் பாத்தாரு, இன்னொருத்தர் பள்ளிக்கூடப் பிள்ளையாக்கப் பாத்தாரு.

எனக்கு வாய்ச்ச கடைக்காரர் வேற தனி ரகம். என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிறவர்தான். வாத்தியக் கடை வச்சிருக்காரு, தலை நரைச்சாச்சு, ஏழு மாசமா வர்றாரு, இன்னும் கிளச்சைப் படக்குனு விட்டு வண்டியைத் தூக்கிப் போடறாரு. அவருக்கு நாங்க வச்ச பேரு கிளச். எத்தனை சொன்னாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான்னு நான் தினமும் அவரைத் திட்டுவேன். அந்தப் பழமொழியை நினைச்சா இப்ப எனக்கே நாக்கைக் கடிச்சுக்கத் தோணுது. என்மேல இருக்கிற பயத்துல கிளச், நீங்க கடைக்கு வர வேண்டாம் மேடம், நானே ஞாயித்துக்கிழமை ரெண்டு கீபோர்டு கொண்டுவர்றேன், மேசையில வச்சுப் பாத்து முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டாரு.

ஒண்ணுல இருபத்தஞ்சு கட்டை, ஒண்ணுல அறுபத்தொண்ணு. எங்க கம்ப்யூட்டர் மேசை சமையலறைக் கதவை ஒட்டி இருக்கு. வீட்டுக்காரர் டேப்பை எடுத்து அளந்தாரு. சின்னதுன்னா தட்டுல வச்ச மாதிரி உக்காருது. பெரிசு மேசையை விட்டு ஒரு சாண் வெளிய நிக்குது, கதவு பாதிதான் திறக்கும். ஒல்லியா இருக்கிறவங்க மட்டும்தான் சாப்பிடலாம்னாரு. சின்னதையே வாங்கு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு மெல்ல முணுமுணுத்தாரு. அன்னைக்கு அவருக்கு ரெண்டாவது காபி கிடைக்கல.

கிளச் பெரிசைச் சாப்பாட்டு மேசையில வச்சாரு. கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் இன்னும் வயர் மாட்டல. இந்தச் சாமானுக்குச் சொந்தமாச் சத்தம் கிடையாது, கம்ப்யூட்டர்ல மாட்டினாத்தான் சத்தமே வரும். கட்டை எவ்வளவு பதமா அமுங்குதுன்னு மட்டும் முதல்ல பாருங்கன்னு சொல்லி, கிளச் உக்காந்து அமுக்க ஆரம்பிச்சாரு. அமுக்கினவருக்கு மனசுக்குள்ள ஏதோ பாட்டு வந்துடுச்சு. கண்ணை மூடிட்டாரு. தோள் ஆடுது, விரல் பறக்குது, எங்களுக்குக் கேக்கிறது தொப்பு தொப்புன்னு பிளாஸ்டிக் சத்தம்தான். நானும் வீட்டுக்காரரும் மூச்சு விடாம நிக்கிறோம். கார்ல இந்த லாவகம் எங்கய்யா போகுதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல்.

அந்த நேரம் பாத்து அப்பா தன் அறையை விட்டு வந்தாரு. கிளச் வாசிக்கிறதைப் பாத்தாரு, எங்க முகத்தைப் பாத்தாரு, சத்தம் போடாம நாற்காலியை இழுத்து உக்காந்தாரு. தலையைச் சாய்ச்சாரு. தொடையில தாளம் போட்டாரு. கிளச் கடைசிக் கட்டையை அமுக்கிக் கையைத் தூக்கினதும், அப்பா ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தாரு. நான் அவரையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"பிரமாதம் தம்பி," அப்பா சொன்னாரு. "நடுவுல ஒரு இடம் மட்டும் கொஞ்சம் இழுக்குது."

கிளச்சுக்கு எங்க நிறுத்தணும்னு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு? "ஐயா, இன்னும் வயரே மாட்டலியே," அப்படின்னுட்டாரு. அது அப்பாவுக்குக் கேக்கல. ஆனா எங்க முகம் போன போக்கைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டாரு. மேசை மேல சுருட்டி வச்சிருந்த வயரைப் பாத்தாரு. எழுந்து, நாற்காலியை இருந்த இடத்துலயே திரும்பப் போட்டுட்டு, அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு.

எனக்கு முதல்ல வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். மூணு வருஷம்! மூணு வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்காரு. எத்தனை சாயங்காலம், எத்தனை மெட்டு, இல்லாத பிழையைத் தேடித் தேடி நல்லா இருந்ததையெல்லாம் நோண்டிக் கெடுத்து வச்சிருக்கேன். அப்புறம்தான் ஒவ்வொண்ணா உறைச்சது. வாசல் மணி அடிச்சா ஏன் போக மாட்டாரு, டிவி ஏன் பிடிக்கலைங்கிறாரு, ஏன் எல்லாத்தையும் எழுதிக் கேக்கிறாரு. பேசறதெல்லாம் அவரே பேசிடுவாரு, எதிராளி வாயைத் திறக்க இடமே கொடுக்க மாட்டாரு. நான் பேசறது அவருக்குக் கேட்டதுன்னா, அது என் தொண்டைக்கு இருக்கிற சத்தம். சந்துல காருக்குப் பின்னாடி நகராம நின்னாரே, அது பாட்டே காதுல விழாமத்தான். அதைப் போய் முதலாளிகிட்ட வேடிக்கையாச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போனேன். கட்டில்ல உக்காந்து, சிவப்புப் பேனாவை மூடறதும் திறக்கறதுமா இருந்தாரு. பக்கத்துல உக்காந்து, ஒரு தடவைகூடவா கேக்கலன்னு கேட்டேன்.

முதல் வருஷம் கொஞ்சம் கேட்டுச்சாம். அப்புறம் மணி மாதிரி, பறவை மாதிரி இருக்கிற சன்னச் சத்தமெல்லாம் ஒண்ணொண்ணாப் போயிடுச்சாம். நான் போட்டதெல்லாம் அந்த மாதிரிதான். அப்புறம் எப்படி இழுக்குதுன்னு சொன்னீங்கன்னு கேட்டேன். கேட்டதுக்கு மனுஷன் வெக்கமே இல்லாம பதில் சொல்றாரு. பிழை இல்லாத பக்கத்தை முப்பத்தெட்டு வருஷத்துல அவர் பாத்ததே இல்லையாம். ஒரு இடம்னு சொன்னா எப்படியும் ஒண்ணு கிடைக்கும்னு தெரியுமாம். அதுபோக, மெட்டு நடுவுல எங்கயோ நான் உதட்டைக் கடிப்பேனாம், அங்கதான் ஏதோ சரியில்லைன்னு அவருக்குப் பிடிபட்டுடுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையணையை எடுத்து அவர் மேல எறியணும்னும் வந்தது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அப்பா?"

அவர் பேனாவை மூடினாரு. "காது போச்சுன்னு தெரிஞ்சா, நீ என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டறதை நிறுத்திடுவ. நாள் முழுக்க நான் காத்துக்கிட்டிருக்கிறது அந்த ஒரு நேரத்துக்குத்தான் பாப்பா."

நான் அழுதுட்டேன். என் அழுகையும் சத்தமாத்தான் இருக்கும், அதுல அவருக்கு ஒரு எழுத்துக்கூட விட்டுப் போயிருக்காது. வெளிய கிளச் பயந்துபோய், கீபோர்டு பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போயிடறேன் மேடம்னு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லிக்கிட்டிருந்தாரு.

காது டாக்டர் அறையில நடந்ததையெல்லாம் சொன்னா அப்பாவுக்குப் பிடிக்காது. சுருக்கமாச் சொல்றேன். சன்னச் சத்தத்துக்குக் காது ரொம்பப் பாழ், கனமான சத்தம் இன்னும் பரவாயில்லைன்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு காதுக்கும் மெஷின் வச்சாங்க. நான் கீபோர்டு பாத்ததைவிட அதிகமா அவர் காது மெஷின் பாத்தாரு. இது மூக்குக்கண்ணாடியோட இடிக்குது, அது சாம்பல் நிறம், இதோட விளக்கத் தாள்ல ரெண்டு எழுத்துப் பிழைன்னு மெஷின் எடுத்துக் காட்டின பொண்ணை ஒரு வழி பண்ணிட்டாரு. வெளிய வந்ததும் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு நின்னாரு. இவ்வளவு சத்தமாவா நடக்கிறேன்னு கேட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை கீபோர்டு தேர்வு மறுபடி நடந்தது. இந்தத் தடவை வயரை மாட்டிட்டுத்தான் மறுவேலை. அப்பாவைச் சுவத்தைப் பாத்து உக்கார வச்சேன், என் முகத்தைப் பாத்துத்தானே ஏமாத்தினாரு. ஒவ்வொரு கட்டையா அமுக்குவேன், கேட்டா விரலைத் தூக்கணும். சின்ன கீபோர்டுல பாதியைத் தாண்டினதும் விரல் சந்தேகமாத் தூக்குது, கடைசியில தூக்கவே இல்ல. பெரிசுல கனமான சுரம் இருக்கிற இடது பக்கத்துல இருந்து வந்தேன். விரல் டக்கு டக்குன்னு மேல போகுது. மெஷின் வச்சும் எட்டாத இடம் வந்ததும் வீட்டுக்காரர் தன் கருப்பு டேப்பைக் கிழிச்சு அந்தக் கட்டையில ஒட்டினாரு. அதுக்கு மேல நான் போகப் போறதில்லன்னு சொல்லிட்டேன். காருக்குப் பின்னாடி நிக்கிறவருக்குக் கேக்காத மெட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

கிளச் விடல. சின்னதுலயும் கனமான சுரம் வரும் மேடம், பக்கத்துல ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா அப்படியே ஒரு படி கீழ மாறிடும், வாசிக்கும்போதே மாத்திக்கலாம்னாரு. ஏழு மாசமா ரெண்டாவது கியரைக் கண்டுபிடிக்காத மனுஷன் எனக்கு நடுவழியில கியர் மாத்தச் சொல்லிக் கொடுக்கிறாரு. பெரிசையே வச்சிட்டுப் போங்கன்னேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாம ஸ்க்ரூடிரைவரை எடுத்து சமையலறைக் கதவைக் கழட்டி, கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. அந்த மனுஷனுக்கு மூணு காபி கொடுத்தேன்.

பத்து நாள்ல மெட்டு முடிஞ்சது. எல்லாம் கனமான சுரம், கருப்பு டேப்புக்கு இந்தப் பக்கம். ஆனா அப்பாவுக்குப் போட்டுக் காட்டல. அவர் தினமும் சாயங்காலம் மெஷினை மாட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்து பாப்பாரு, நான் ஹெட்போனைப் போட்டுக்கிட்டு இன்னும் ஆகலைன்னு சொல்லிடுவேன். எனக்குப் பயம். இத்தனை நாள் அவர் நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் என்மேல வச்ச பாசம். நிஜமாவே காதுல விழுந்து, நல்லா இல்லைன்னு அவர் முகம் காட்டிட்டா நான் என்ன பண்றது? முதலாளி வேண்டாம்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன்.

ஒண்ணாம் தேதி காலையில ஸ்கூல் மைதானத்துல முதல் கார்ல ஸ்பீக்கர் மாட்டியாச்சு. முதலாளி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. வீட்டுக்காரர் அப்பாவையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. கிளச் அன்னைக்கு வகுப்பே இல்லாம வந்து நின்னாரு. யாராவது பின்னாடி நிக்கணுமே, பாட்டு கேட்டு நகர்றாங்களான்னு பாக்கணுமேன்னு முதலாளி சொல்லி வாய் மூடல, அப்பா நடந்து போய் காருக்குப் பின்னாடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுட்டாரு.

ரிவர்ஸ் போட்டேன். மெட்டு ஆரம்பிச்சது. எறும்பு ஊர்ற வேகத்துல பின்னாடி போறேன், கண்ணாடியில அப்பா முதுகு. நகரல. எட்டு விநாடி முடிஞ்சு மெட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குது. நகரல. பத்தடி இருக்கும்போதே பிரேக்கைப் போட்டுட்டேன். போச்சு, எல்லாம் போச்சு, அவருக்குக் கேக்கவே இல்ல. இறங்கி ஓடினேன்.

"அப்பா! காது கேக்குதா இல்லையா?"

அவர் திரும்பினாரு. கண்ணு ரெண்டும் நனைஞ்சிருந்தது.

"கேக்குது பாப்பா. முழுசாக் கேட்டுட்டு நகரலாம்னு நின்னேன்."

முதலாளி தலையில கையை வச்சுக்கிட்டாரு. ஆள் நகர்றதுக்குப் பாட்டு போடச் சொன்னா, ஆள் நின்னு கேக்கிற பாட்டைப் போட்டு வச்சிருக்கியேன்னு கேட்டாரு. ஆனா அவர் செருப்புக் கால் தரையில தாளம் தட்டிக்கிட்டிருந்ததை நான் பாத்தேன். வீட்டுக்காரர், ஓடுது, நல்லாத்தான் ஓடுதுன்னாரு. அன்னைக்கு அது பாட்டுக்குச் சொல்ற வார்த்தையாத்தான் எனக்குப் பட்டது.

அப்பா மட்டும் தலையைச் சாய்ச்சு யோசிச்சுக்கிட்டிருந்தாரு. "இன்னொரு தடவை போடு," அப்படின்னாரு. "நடுவுல ஒரு இடம் கொஞ்சம் இழுக்குது."

நான் அவரை முறைச்சேன். அவர் காது மெஷினைத் தொட்டுக் காட்டினாரு. போய்க் கார்ல உக்காந்து, ரிவர்ஸ் போட்டு, தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக் கேட்டேன். அஞ்சாவது விநாடி.

இழுக்கத்தான் செஞ்சது.